முதலில் வடை

"எலி பிடிக்கக் கத்துக்கத்தான் வந்தேன் டீச்சர். எலிக்கு விருந்து வைக்க இல்ல," என்றார் கோதண்டம்.

குமுதவல்லி கோபிக்கவில்லை. மசால் வடையைப் பிட்டுப் பொறிகளுக்குள் வைத்தார். கதவு விழாதபடி ஒவ்வொன்றையும் சணலால் தூக்கிக் கட்டினார். மூட்டைகளின் ஓரமாகத் தள்ளிவிட்டார்.

அரிசி ஆலையின் கிடங்கு அது. எலித்தொல்லை தீர்க்கும் வேலைக்கு அங்கே வைத்துத்தான் ஆள் பழக்குவார் குமுதவல்லி. கோதண்டம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர்.

மூத்தவர்தானே தவிர, எந்தத் தொழிலிலும் கால் ஊன்றியவர் அல்ல. வெல்டிங் கற்கப் போனார், தையலுக்குப் போனார், லாரிக்குப் போனார். முதல் அதட்டல் விழுந்ததும் நடையைக் கட்டிவிடுவார்.

"இதையும் விட்டுட்டு வந்தா வீட்டுப் பக்கம் வராதீங்க," என்று மனைவி இந்த முறை சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். கோதண்டத்துக்குப் பயம்தான்.

ஆனாலும் முதல் நாள், திட்டு விழுந்தால் கிளம்பத் தோதாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணே. டீ ஆறிடும்," என்றார் குமுதவல்லி.

அவ்வளவுதான். அதட்டலும் இல்லை, பாடமும் இல்லை.

தினமும் அதேதான். டீ, வடை, ஊர்க்கதை. கோதண்டம் செருப்போடு வாசல் பக்கமாகவே உட்கார்ந்து தின்பார். மிச்ச வடை பொறிக்குப் போகும். எலிகளும் தின்றுவிட்டுப் போகும்.

கோதண்டத்துக்குப் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம், டீச்சர் போனதும், சணல்களை அவிழ்த்து, எலி தொட்டதும் கதவு விழும்படி கொக்கிகளை மாட்டிவிட்டார்.

காலையில் ஒரு பொறியில் ஒரு எலி. "பாருங்க டீச்சர்," என்று பெருமையாகத் தூக்கிக் காட்டினார்.

குமுதவல்லி மற்றப் பொறிகளைப் பார்த்தார். வடை வைத்தபடியே இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

"ஒண்ணு மாட்டினது மத்ததுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி கிட்ட வராது," என்றார்.

கோதண்டத்தின் கண் வாசலுக்குப் போனது. இதோ விழப்போகிறது திட்டு. அப்புறம் வீடும் இல்லை.

"பொறியெல்லாம் கழுவிக் காயவைங்கண்ணே. முதல்லேருந்து ஆரம்பிப்போம். அதுக்கு முன்னாடி டீயைக் குடிங்க."

கோதண்டத்துக்கு அழுகை வரும்போல இருந்தது. போய்க் கழுவினார்.

மறுபடி வடை, மறுபடி சணல். முதலில் எலிகள் தூர நின்று மோந்தன. பிறகு கவ்விக்கொண்டு வெளியே ஓடின. ஒரு நாள் காலையில் கோதண்டம் பொறிக்குள் குனிந்து பார்த்தார்.

"வடைத் துணுக்கெல்லாம் உள்ளேயே கிடக்கு டீச்சர்."

"உள்ளேயே உக்காந்து சாவகாசமா தின்னுருக்கு. பயம் விட்டுப்போச்சு. இன்னிக்கு ராத்திரி கொக்கி மாட்டலாம்," என்றார் குமுதவல்லி.

கோதண்டம் நிம்மதியாக வந்து உட்கார்ந்து வடையைக் கடித்தார். "எல்லாம் சரி. எனக்கு மட்டும் ஏன் டீச்சர் இத்தனை நாளா ஒரு பாடமும் நடத்தல?"

"இன்னிலேருந்து நடத்துவேன். திட்டும் விழும்."

"அது என்ன இன்னிலேருந்து?"

குமுதவல்லி வாசலைக் காட்டினார். வெளியே கோதண்டத்தின் செருப்புகள் கிடந்தன, ஒன்று அங்கே, ஒன்று இங்கே.

கோதண்டம் செருப்பைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். கிடங்கின் நட்டநடு அது. கையில் பாதி வடை இருந்தது.

வாசல் திறந்துதான் கிடந்தது.

மீதி வடையை வாயில் போட்டு மென்று விழுங்கினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"ம், திட்டுங்க டீச்சர்," என்றார்.