சாட்சிக் கஷாயம்

அரண்மனை வைத்தியர் ஆவுடையப்பரை வெள்ளியம்பலம் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஐப்பசி மழையில், பனையடிக்கோட்டையின் வடக்கு வாசலில். அரசர் சிங்கமாறனின் நெஞ்சுச்சளியை மூன்று மாதமாகியும் இறக்காத குற்றத்துக்காக அவரை மலைக்கு அப்பால் விரட்டியிருந்தார்கள். தலைக்கு ஒரு கோணிச்சாக்கு மட்டும் இருந்தது.

"மருந்தில் என்ன குறை, ஐயா?" என்று கேட்டார் அரசவை விகடரான வெள்ளியம்பலம்.

"நான் காய்ச்சியது எனக்குத் தெரியும் தம்பி. அரசர் குடித்தது என்னவென்று தெரியாது."

நனைந்தபடி மலை ஏறியவர் பாதி வழியில் சளி கட்டி இறந்தார். அந்தச் செய்தி அரசர் காதுக்குப் போனபோது, 'வைத்தியர் மலைக்காற்று வாங்கிக்கொண்டு சுகமாக இருக்கிறார்' என்று ஆகியிருந்தது. அந்த அரண்மனையில் செய்திகள் அப்படித்தான் போய்ச் சேரும்.

சளி மட்டும் போகவில்லை. அரசர் தொண்டையைச் செருமினால் அது ஆணையோ என்று பயந்து எழுத்தர் அதையும் எழுதி வைத்தார். அரசர் இருமினால் மரியாதைக்குச் சபையும் இருமியது.

புதிய வைத்தியர் மருதவாணருக்குக் கெடு வைத்தார்கள். பத்து நாள். அதற்குள் சளி இறங்காவிட்டால் அவரும் மலை ஏற வேண்டியதுதான்.

இரண்டாம் நாளே மருதவாணர் ஓடிவந்தார். "ஆடாதோடை, தூதுவளை, திப்பிலி, மிளகு எல்லாம் போட்டுக் கசக்கக் கசக்கக் காய்ச்சி அனுப்பினேன். அரசர் என்னைக் கூப்பிட்டு, 'தித்திப்பு அபாரம், இன்னும் ரெண்டு கிண்ணம் அனுப்பு' என்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது."

வெள்ளியம்பலம் மறுநாள் கஷாயச் சட்டியின் பின்னாலேயே போனார். அரசர் நாக்குக்குப் போகும் எதையும் ஏழு அதிகாரிகள் ருசி பார்த்துக் குறை தீர்க்க வேண்டும் என்பது அரசரின் பாட்டனார் வைத்த வழக்கம். முதல் அதிகாரி கசப்பைக் கண்டு வெல்லம் போட்டார். இரண்டாமவர் காரத்துக்குப் பால் ஊற்றினார். அடுத்தவர் சூட்டை ஆற்றிப் பனிநீர் தெளித்தார். பிறகு நெய், பிறகு வாழைப்பழம், பிறகு முந்திரி. ஏழாவதாக மடைப்பள்ளித் தலைவர் நாச்சியப்பர் மேலே பாலாடையைப் பரப்பினார்.

"இது என்ன, நாச்சியப்பரே?"

"கஷாயம்."

"முந்திரி மிதக்கிறதே?"

"அரசர் குடிக்கிற கஷாயமய்யா. உம் வீட்டுக் கஷாயமா?"

வெள்ளியம்பலம் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டு, "அரசரிடம் சொல்லிவிடுங்கள்" என்று கெஞ்சினார் மருதவாணர்.

"சொன்னால் ஏழு பேரும் மறுப்பார்கள். அரசரின் நாக்கும் அவர்கள் பக்கம்தான். நாளை சபைக்கு வாரும். நான் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காதீர்."

மறுநாள் வெள்ளியம்பலம் சபையில் எழுந்தார். "அரசே, இந்த வைத்தியர் மருந்து என்று சொல்லித் தங்களுக்குப் பாயசம் கொடுக்கிறார். இது ராஜ துரோகம். சாட்சிப் பொருளை அவர் அடுப்பிலிருந்தே முத்திரை வைத்து எடுத்து வந்திருக்கிறேன்."

சட்டி ஆவி பறக்க வந்தது.

"முதலில் நாங்கள் ருசி பார்த்து..." என்று நாச்சியப்பர் கை நீட்டினார்.

"சாட்சிப் பொருளைத் தொட்டால் கையை வெட்டுவது நம் நாட்டுச் சட்டம். ராஜ துரோக வழக்கில் அரசர் மட்டுமே கண்ணாலும் மூக்காலும் நாக்காலும் விசாரிக்க வேண்டும்."

நாச்சியப்பர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

வாசனை கலைந்தால் சாட்சி கலைந்துபோகும் என்று சொல்லி, வெள்ளியம்பலம் அரசர் தலையையும் சட்டியையும் சேர்த்து ஒரு சால்வையால் மூடினார். உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு அரசர் ஒரு வாய் குடித்தார். முகம் வற்றல் மாதிரி சுருங்கியது.

"இதில் இனிப்பே இல்லையே."

"அடியில் தங்கியிருக்கலாம் அரசே. முழுவதும் விசாரியுங்கள்."

அரசர் விசாரித்தார். அடுத்த கணம் துப்புவதற்குப் படிக்கம் கேட்டார். மாதக்கணக்கில் கட்டிய சளியில் ஒரு பங்கு அதில் விழுந்தது. அதைப் பதிவு செய்வதா என்று எழுத்தர் கேட்டார்.

"ஒருநாள் ருசியை நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. ஏழு நாள் விசாரணை வேண்டும்" என்றார் வெள்ளியம்பலம். "அதுவரை நீதிபதி வேறு இனிப்போ பாலோ பழமோ சாப்பிட்டால் நாக்கு பாரபட்சமாகிவிடும்."

நான்காம் நாள் அரசர் சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஆவுடையப்பரும் இதைத்தான் காய்ச்சினாரா?"

"இதையேதான்."

"மலையிலிருந்து அவரைக் கூப்பிடு."

"அவர் இல்லை அரசே. போகும் வழியிலேயே மார்ச்சளியில் இறந்துவிட்டார்."

யாரும் இருமவில்லை. அன்று அரசர் முகம் சுளிக்காமல் குடித்தார்.

ஏழாம் நாள் அரசர் ஓர் ஆணையை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். வழக்கமான இடத்தில் சபை மட்டும் இருமிவிட்டு வெட்கப்பட்டது.

"கஷாயத்தில் இனிப்பு இல்லை. அப்படியானால் நான் குடித்த பாயசம் எங்கிருந்து வந்தது?" என்று அரசர் ஏழு அதிகாரிகளையும் பார்த்தார்.

"எங்கள் விசுவாசத்திலிருந்து" என்றார்கள் ஏழு பேரும்.

"சரி. மருதவாணர் குற்றமற்றவர். விடுதலை."

"ஐயோ, விடுதலை வேண்டாம் அரசே" என்றார் வெள்ளியம்பலம். "விடுதலை செய்தால் சாட்சிப் பொருள் வெறும் கஷாயமாகிவிடும். கஷாயம் என்றால் மடைப்பள்ளி வழியாகத்தான் வரவேண்டும். பாட்டனார் வழக்கத்தை மாற்ற முடியுமா?"

அரசர் சபை அதிரச் சிரித்தார். சளி இல்லாத சிரிப்பு. சால்வையை வெள்ளியம்பலத்துக்குப் போர்த்தி, வழக்கை அடுத்த மழைக்காலத்துக்குத் தள்ளிவைத்தார்.

மருதவாணர் ராஜ துரோகக் குற்றவாளியாக இன்னும் முப்பது வருஷம் வாழ்ந்து, தன் வீட்டில் வயதாகி இறந்தார். வழக்கில் தீர்ப்பு எழுதப்படவில்லை.