கரிச்சானுக்கு நட்ட குச்சி

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிய நல்ல காலத்தில், ஒச்சாயி என்றொரு பெண் தனியாகச் சோளக்காடு காத்து வந்தாள். கட்டினவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. பேச்சுத்துணைக்கு ஒரு கரிச்சான் குருவிதான். விடியுமுன் வந்து அவளை எழுப்பிவிடும். பகலெல்லாம் அவளுடைய காவல் பரணில் உட்கார்ந்திருக்கும். பயிரில் புழு தெரிந்தால் பாய்ந்து பிடிக்கும். தின்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடரும். எந்தக் கொக்குக்கும் எந்த நாரைக்கும் குளத்தில் சண்டை என்பதெல்லாம் ஒச்சாயிக்கு அத்துப்படி. அப்படி ஒரு பேச்சை இனி நாம் எங்கே கேட்கப்போகிறோம்!

கதிர் பால் பிடித்த சமயம். கிளிக்கூட்டம் ஒன்று காட்டில் இறங்கியது. ஒச்சாயி கவணை எடுத்தாள்.

"ஆத்தா, கல்லை விட்றாத. நான் போயி வெரட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கரிச்சான் கூட்டத்துக்குள் புகுந்தது. கிளிகளும் ஒவ்வொன்றாக எழும்பத்தான் செய்தன. ஆனால் அவள் கண்ணெதிரே கதிர்கள் ஒடிந்து விழுந்துகொண்டிருந்தன. ஒரு வருசத்துக் கஞ்சியாயிற்றே! பொறுக்கமாட்டாமல் கவணைச் சுழற்றிக் கல்லை விட்டுவிட்டாள்.

கிளி ஒன்றின் மேலும் கல் படவில்லை. கரிச்சானின் நீள வாலை நடுவில் பிய்த்துக்கொண்டு போனது. கரிச்சான் பறந்துபோனதுதான், அப்புறம் காட்டுப்பக்கமே வரவில்லை.

அடுத்த வெள்ளாமையில் முளைத்த பயிரையெல்லாம் புழு தின்றது. "வந்துருடா கரிச்சான், புத்தி கெட்டுப்போயிச் செஞ்சுட்டேன்" என்று ஒச்சாயி வரப்பு வரப்பாக அழுது திரிந்தாள். பயிருக்காக மட்டுமா அழுதாள்? பேசாமல் கிடந்து அவளுக்கு நாக்கே மரத்துப் போயிருந்தது.

கரிச்சான் வேலமரத்தில் வந்து உட்கார்ந்தது.

"நீ பட்டினி கெடப்பியேன்னுதான் வந்தேன் ஆத்தா. ஆனா கவண் இருக்குற பரண்ல இனி ஏற மாட்டேன். காட்டுக்கு நடுவுல எனக்குன்னு ஒரு குச்சி நடு. வேலைக்கு வாரேன். பேச்சுக்கு வர மாட்டேன்."

ஒச்சாயி குச்சி நட்டாள். கரிச்சான் அதில் உட்கார்ந்து புழு பிடித்தது, பயிர் தப்பியது. அவள் குச்சியடியில் போய் நின்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அது தன் வேலையைப் பார்த்தது.

அன்று முதல்தான் கரிச்சானுக்கு வால் பிளந்திருக்கிறது. விதைத்த காட்டில் அதற்கென்று நாம் குச்சி நடுகிறோம். இன்றைக்கும் விடியுமுன் வந்து நம்மை எழுப்பிவிடுகிறது. எழுந்து போய் என்ன கேட்டாலும் பதில் மட்டும் சொல்வதில்லை.