நெடுவானில் தண்ணீர் விலை

மருதப்பனுக்கு நாற்பத்தொரு வயது. அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் திலகவதிக்கு இருபத்தெட்டு. அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற அந்தக் கம்பெனியில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளில்லை.

காய்கறி மண்டியில் இருபது வருஷம் ஏலம் கூவியவர். தொண்டை கெட்டுப்போனதும் இந்த வேலைக்கு வந்தார். அன்றோடு பயிற்சி முடிகிறது. அவர் செய்ததற்கு டீச்சர் சாயங்காலத்துக்குள் ‘சரி’ போட்டால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

விளையாட்டு இதுதான். கிரகம் கிரகமாகக் கப்பல் ஓட்டிச் சரக்கு வாங்கி விற்க வேண்டும். சரக்கு குறைந்தால் விலை தானாக ஏறும், கேட்கிற ஆள் குறைந்தால் தானாக இறங்கும். அந்தக் கணக்கைத்தான் மருதப்பன் மூன்று மாதமாக எழுதியிருந்தார்.

“ஏறுது, இறங்குது, எல்லாம் நடக்குதுங்க டீச்சர். ஆனா சரியான விலை இதுதான்னு எதை வச்சுச் சொல்றது?”

திலகவதி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, நெடுவான் என்ற சின்னக் கிரகத்தில் கப்பலை இறக்கினாள். ஊற்று இல்லாத கிரகம். தண்ணீர் கப்பலில்தான் வரும். அங்கே இருந்த தண்ணீரில் நாலு பீப்பாய் மட்டும் விட்டுவிட்டு, மீதி மொத்தத்தையும் வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு சும்மா இருந்தாள்.

நமக்கு ஒரு நிமிஷம் என்றால் அங்கே ஒரு நாள். பீப்பாய் ஒன்பது காசு விற்றது முப்பதாகி, இருநூற்றுப் பத்தில் போய் நின்றது.

“பாத்தீங்களா டீச்சர், அடைமழையில தக்காளி ஏறுற மாதிரியே ஏறுது.”

“டீ குடிச்சுட்டு வருவோம் அண்ணே.”

டீயோடு மருதப்பன் இரண்டு வடையும் சாப்பிட்டார். மனசு அவ்வளவு நிறைவாக இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் பீப்பாய் ஐந்து காசு.

“யாரும் தொடலை டீச்சர். தானா இறங்கி நிக்குது. அதான் என் கணக்கு.”

“நான் ஒரு சொட்டுகூட இறக்கலையே. வேற கப்பல் வந்துச்சா?”

“வரலைங்க.”

“அப்ப ஏன் இறங்குச்சு?”

“கேட்கிற ஆள் குறைஞ்சிருக்கும்.”

“எங்க போயிட்டாங்க அவங்க?”

மருதப்பன் நெடுவானின் பக்கத்தைத் திறந்தார். காலையில் நாற்பதாயிரம் பேர் இருந்த இடத்தில் பூஜ்யம் இருந்தது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இதைக் கவனிக்காம விட்டுட்டேங்க. ஒரே ஒரு வரிதான். மாத்திடறேன்.”

“மாத்துங்க.”

மாற்றினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஓட விட்டார். திலகவதி மறுபடியும் தண்ணீரை வாங்கிக் கப்பலில் அடைத்தாள். ஒன்பது, முப்பது, இருநூற்றுப் பத்து. பத்து நிமிஷம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று. விலை இருநூற்றுப் பத்திலேயே அசையாமல் நின்றது.

“நாற்பதாயிரம் பேரும் இருக்காங்க டீச்சர். ஒருத்தர்கூடச் சாகலை.”

“தண்ணி எங்க இருக்கு?”

“உங்க கப்பல்லதான்.”

“குடிச்சாங்களா?”

“இல்லைங்க.”

“அப்புறம் எப்படி உயிரோட இருக்காங்க?”

“சாக முடியாதுன்னு எழுதிட்டேங்க.”

திலகவதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. மருதப்பன் அவள் விரலைப் பார்த்தார். அது ‘சரி’ மேல் போய் அழுத்தியது. வேலை நிலைத்துவிட்டது. அவர் திரையில் நின்ற இருநூற்றுப் பத்தைக் காட்டினார்.

“டீச்சர், இதுதான் சரியான விலையா?”

“இதுதான் அண்ணே. சாகவும் விடாது, குடிக்கவும் விடாது. விளையாட்டு நல்லா விக்கும்.”