வெற்றிலைச் செங்கமலம் வேலையை விட்ட கதை

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

ஒருநாள் நந்தவனத்தில் மல்லிகைப் பூவை முகர்ந்து பார்க்கக் குனிந்தான். உடனே ஒருவன் ஓடிவந்து கிளையைத் தாழ்த்தினான். இன்னொருவன் வண்டை விரட்டினான். மூன்றாமவன் ராஜாவின் மீசையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டான். நாலாவது ஆள், "அடடா, என்ன மணம்" என்று ராஜாவுக்கு முன்பே சொல்லிவிட்டான்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. நேராகச் சபைக்கு வந்தான். "அரண்மனையில் ஆள் அதிகம். அமாவாசைக்குள் பாதிப் பேர் வெளியே போக வேண்டும். போகிறவர்களுக்கு ஒரு ஜோடி காளை, ஒரு வண்டி, மூன்று வருஷத்துக்கு நெல்" என்று அறிவித்தான்.

அவ்வளவுதான், மடைப்பள்ளியிலிருந்து யானைக்கொட்டில் வரை ஒரே அழுகை. குதிரைக்காரர்கள் குதிரைகளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். குதிரைகளும் கூடவே கனைத்தன.

அழாதவள் ஒருத்திதான். அவள் பெயர் செங்கமலம். ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பவள். இருபது வருஷமாக அதே வேலை. அவள் புருஷன் முத்துக்காளை புன்னைத்துறைக் கடற்கரையில் தோணி செய்கிறவன். இருவரும் சேர்ந்து சாப்பிடுவது வருஷத்துக்கு இரண்டு தடவை. வெற்றிலை அறையில் அவளோடு வேலைபார்த்த வேலப்பனுக்கோ நாலு பெண் குழந்தைகள். இருவரில் ஒருவர் போயாக வேண்டும் என்று கேட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

செங்கமலம் சபையில் போய் நின்றாள். "மகாராஜா, என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வேலப்பன் இருக்கட்டும்."

ராஜா திகைத்துப்போனான். "நீயாகவே போகிறாயா? இங்கே உனக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. புருஷன்தான் இல்லை."

சபை சிரித்தது. அரண்மனை அதிகாரி பூபதிராயர் மட்டும் சிரிக்கவில்லை. ராஜா வெற்றிலையை மென்றபடி செங்கமலத்திடம் பேசும் விஷயங்களெல்லாம் தன் காதுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வருகின்றன என்று அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"மகாராஜா, தானாகப் போகிறவளுக்குக் காளை எதற்கு? வெறுங்கையோடு அனுப்புங்கள். அந்த வேலப்பனையும் கூடவே அனுப்புங்கள். இங்கே இருந்தே தீர வேண்டியவன் நான் ஒருவன்தான். ஒரு நாழிகை நான் இல்லாவிட்டால் அரண்மனை நின்றுவிடும்" என்றார்.

"இவளை நான் விடமாட்டேன்" என்றான் ராஜா. "இவள் கை வெற்றிலை இல்லாமல் எனக்குப் பொழுதே போகாது."

"அப்படியானால் சோதித்துப் பாருங்கள்" என்றாள் செங்கமலம். "பத்து நாள் திரைக்குப் பின்னாலிருந்து வெற்றிலைத் தட்டு வரும். எந்த நாள் என் கை, எந்த நாள் வேலப்பன் கை என்று கடைசியில் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் சாகும்வரை இங்கேயே இருக்கிறேன். தவறினால் காளையும் வண்டியும் நெல்லும் எனக்கு, வேலை வேலப்பனுக்கு. ராயரும் பத்து நாள் ஓய்வெடுக்கட்டுமே. அரண்மனை நிற்கிறதா, நடக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்."

ராஜாவுக்கு ஒரே குஷி. ராயரால் மறுக்க முடியவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனார்.

அவர் போன மறுநாளே ராஜாவுக்குச் சுடச்சுடச் சோறு வந்தது. அதுவரை ராயர் முத்திரை வைத்தபிறகுதான் சோறு மடைப்பள்ளியை விட்டு வெளியே வரும். ராஜா நாக்கைச் சுட்டுக்கொண்டு, சந்தோஷமாக இன்னொரு கவளம் கேட்டான். யானைகள்கூட அனுமதிச் சீட்டுக்குக் காத்திராமல் குளித்துவிட்டு வந்தன.

பத்தாம் நாள் ராயர் திரும்பினார். வாசலில் காவற்காரனைப் பிடித்து, "என்னை யாராவது தேடினார்களா?" என்று கேட்டார்.

"ஏன் ஐயா, எங்கேயாவது போயிருந்தீர்களா?" என்றான் அவன்.

சபை கூடியது. ராஜா தொண்டையைச் செருமிக்கொண்டான். "மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் வேலப்பன் கை. வைக்கோலை மென்றதுபோல் இருந்தது. மற்ற எட்டு நாளும் செங்கமலத்தின் கை. தேவாமிர்தம்."

திரையை விலக்கினார்கள். வேலப்பன் மட்டும் தட்டோடு நின்றான்.

"செங்கமலம் எங்கே?"

"அக்கா முதல் நாளே புன்னைத்துறைக்குப் போய்விட்டார்கள், மகாராஜா. இப்போது வந்துவிடுவார்கள்."

சொல்லி முடிப்பதற்குள் செங்கமலம் வந்து நின்றாள். காலெல்லாம் கடற்கரை மணல், கையில் கருவாட்டுப் பொட்டலம். சபையில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

ராஜாவின் முகம் சிவந்தது. "என்னை ஏமாற்றினாயா?"

"எத்தனை நாள் என் கை இருக்கும் என்று நான் சொல்லவே இல்லையே. வேலப்பனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது நான்தான். என் கை இங்கேயே இருக்கும். ஆள் மட்டும்தான் போகிறேன்."

ராஜா வெற்றிலைத் தட்டைப் பார்த்தான். பிறகு மெல்லிய குரலில், "பத்து நாளும் நீ இல்லாதது எனக்குத் தெரியவே இல்லையே. உன்னை மறந்தேபோனேன் போலிருக்கிறது" என்றான்.

"இல்லை, மகாராஜா. வாசலிலேயே எனக்குச் சொன்னார்கள். தினமும் தட்டு வந்ததும், 'செங்கமலம், கேட்டாயா சேதி' என்று திரையைப் பார்த்துப் பேசினீர்களாம். வேலப்பன் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு 'உம்' கொட்டினானாம். மறந்தது என் கை வெற்றிலையைத்தான், என்னை அல்ல."

ராஜாவுக்குக் கண் கலங்கியது. அப்புறம் சிரிப்பு வந்தது. சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னான். செங்கமலத்துக்குக் காளையும் வண்டியும், மூன்று வருஷத்து நெல்லை ஆறு வருஷமாக்கி அதுவும். வேலப்பனுக்கு நிரந்தர வேலை.

"ராயரே, உமக்கும் ஒரு வேலை இருக்கிறது" என்றான். "வேலப்பனுக்குக் காம்பு கிள்ளிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். முத்திரை ஒன்றும் தேவையில்லை, நகம் இருந்தால் போதும்."

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் காளை வண்டி புன்னைத்துறைக்கு வந்தது. தோணிக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்த முத்துக்காளை நிமிர்ந்து பார்த்தான்.

"இப்பத்தானே போன? மறுபடியும் எத்தனை நாளைக்கு வந்திருக்க?"

"மாட்டை அவிழ்த்துக் கட்டுய்யா" என்று வண்டியிலிருந்து குதித்தாள் செங்கமலம். "போட்டது போட்டபடி வந்துட்டேன். இனிமே நாளை எண்ண வேண்டாம்."