நல்ல தண்ணிக் குழாய்

மூங்கில்காட்டுச் சரிவில் முயல், முள்ளம்பன்றி, கீரி, அணில் எல்லாம் அடுத்தடுத்துக் குடியிருந்தன. மலை உச்சிச் சுனையிலிருந்து மூங்கில் குழாய் வழியாக அவற்றுக்குத் தண்ணீர் வந்தது. குடிக்க அதுதான். அதற்கு நல்ல தண்ணி என்று பேர். பாதி மலையில், சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே எருமைகள் புரளும் குட்டை ஒன்று உண்டு. அது உப்புத் தண்ணி. அதில் யாரும் வாய் வைப்பதில்லை.

குழாயைப் பார்த்துக்கொள்வது நரியின் வேலை. நரி என்றாலே தந்திரக்காரன் என்று கதை கட்டிவிடுகிறார்கள். இந்த நரிக்கு அவ்வளவு மூளையெல்லாம் கிடையாது, வெறும் பயந்தாங்கொள்ளி. அந்தக் கோடையில் சுனை வற்றிப்போனது. தண்ணீர் இல்லை என்று சொன்னால் எல்லாரும் தன்மேல் பாய்வார்களே என்று அதற்கு உதறல். யாரிடமும் மூச்சுவிடாமல் குழாயின் மேல்முனையை இழுத்துவந்து குட்டையில் செருகிவிட்டது. மழை வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டது.

குழாயில் தண்ணீர் நிற்கவில்லை, அதனால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. முதலில் கண்டுபிடித்தது முள்ளம்பன்றி முள்ளிதான். பிள்ளைகளைக் குளிப்பாட்டப் பூந்திக்கொட்டையைத் தேய்த்தால் நுரையே வரவில்லை. திரிதிரியாகத் திரிந்து காலில் ஒட்டியது. குழாய் வாயில் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளை படிந்திருந்தது. நாக்கில் விட்டுப் பார்த்தால் லேசாகக் கரித்தது.

முள்ளி குழாயடியில் நின்றவர்களிடம், "இது நல்ல தண்ணி இல்லை" என்றது.

குழாயடியே சிரித்தது. கொட்டை சொத்தையாக இருக்கும் என்றது கீரி. எதைக் கண்டாலும் உனக்குக் குற்றம்தான் என்றது அணில். பக்கத்து வளை முயல் நெட்டைச்செவி அதோடு விடவில்லை.

"நல்ல தண்ணிக் குழாயில வர்றது நல்ல தண்ணி இல்லாம வேற என்னக்கா? உடம்புதான் முள்ளுன்னா வாயிலயுமா முள்ளு?"

முள்ளிக்கு முகம் செத்துப்போனது. நரியும் அங்கேதான் நின்றது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பாவி, எல்லாரோடும் சேர்ந்து சிரித்தது! அன்றிலிருந்து முள்ளி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சுரைக்குடுக்கையைத் தூக்கிக்கொண்டு, பருந்து வட்டமிடும் பொட்டலைத் தாண்டி ஆற்றுக்குப் போய்வந்தது.

நெட்டைச்செவிக்கு ஒரே குட்டி. பேர் பஞ்சு. கோடை முற்றியபோது பஞ்சுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கண் குழிவிழுந்து, காது துவண்டு, சருகின்மேல் சுருண்டு படுத்துவிட்டது. தாய் பதறியடித்துப் போய் வைத்தியர் உடும்பைக் கூட்டிவந்தது.

"மருந்தெல்லாம் அப்புறம் தாயி" என்றது உடும்பு. "உடம்புல ஈரமே இல்ல. நல்ல தண்ணியா நிறையக் குடு, பிழைச்சுக்கும்."

உடும்பு சொன்னது நல்ல தண்ணீரை. முயல் காதில் விழுந்தது குழாயின் பேர். நேரே குழாயடிக்கு ஓடியது. தண்ணீர் மெல்ல ஒழுகிக்கொண்டிருந்தது. குட்டிக்கு வேண்டும், இன்னும் கொஞ்சம் திறந்துவிடுங்கள் அண்ணே என்று நரியிடம் கெஞ்சியது. நரி குட்டிக்கு என்ன என்றுகூடக் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அடைப்பைத் தளர்த்திவிட்டது.

முயல் இலையில் ஏந்திவந்து ஊட்டியது. பஞ்சு கக்கியது. மறுபடி ஊட்டியது.

"குடிச்சிரு கண்ணு, நல்ல தண்ணிடா."

பஞ்சு அம்மா பேச்சைத் தட்டாத குட்டி. முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தது. ஊட்ட ஊட்ட வயிற்றுப்போக்கு கூடியது. தாயோ, இன்னும் போதவில்லை போல என்று நினைத்துக் குழாயடிக்கும் வளைக்குமாக ஓடிக்கொண்டே இருந்தது.

அழுகைச் சத்தம் கேட்டு முள்ளி வந்தது. பழைய பேச்சை எடுக்கவில்லை. ஆற்றுத் தண்ணீர்க் குடுக்கையைக் குட்டியின் வாயருகே சாய்த்தது. பஞ்சு ஒரு வாய் குடித்தது.

"இது இனிக்குதும்மா" என்றது. பிறகு பஞ்சு பேசவே இல்லை.

குட்டியைப் புதைத்துவிட்டு நெட்டைச்செவி குழாய் போகும் தடத்திலேயே மலை ஏறியது. முள்ளி கூடவே போனது. எருமைச் சாணி மிதக்கும் குட்டைக்குள் மூங்கில் முனை கிடந்தது. பின்னாலேயே வந்த நரி, இல்லை என்று சொல்லப் பயமாக இருந்தது என்று அழுதது. முயல் அதை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"இல்லைன்னு சொல்லியிருந்தா நான் ஆத்துக்குப் போயிருப்பேனே அண்ணே."

மழை பெய்து சுனை ஊறியது. குழாயைப் பழையபடி உச்சியில் பொருத்தினார்கள். நல்ல தண்ணி வந்துவிட்டது என்று குழாயடியில் எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். நெட்டைச்செவி மட்டும் போய் ஒரு பூந்திக்கொட்டையைத் தேய்த்துப் பார்த்தது. பொங்கிப் பொங்கி நுரை வந்தது. அந்த நுரையைப் பார்த்துத்தான் அது வாய்விட்டு அழுதது.

பேர் நல்லதாக இருப்பதால் பொருள் நல்லதாகிவிடாது. அதைச் சோதித்துச் சொல்பவரைப் பார்த்துச் சிரிக்கிறவர், பிறகு அழ வேண்டிவரும்.