முதலில் தராசு

இட்லி வேகிற நேரத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம், அவ்வளவு சின்னக் கதை.

மூக்கன்துறைப் பால் சங்கத்துக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே ஒரு மின்தராசும், பில் அடிக்கிற மிஷினும் வந்தன. கம்ப்யூட்டர் சொல்வது இந்த இரண்டுக்கும் புரிய வேண்டுமே, அதற்காக நடுவில் நின்று பேச ஒரு புரோகிராம் உண்டு. டிரைவர் என்று அதற்குப் பேர். அதை எழுதிக் கொடுத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர்: செவத்தையா, மாடக்கண்ணு, பொன்னுலிங்கம். மூன்று பேரும் நன்றாகப் படித்தவர்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அதில் பசும்பாலுக்கான பாதியை எழுதியது செவத்தையா: முதலில் தராசைப் பிடி, அப்புறம் பில் மிஷினைப் பிடி. எருமைப்பாலுக்கான பாதியை எழுதியது மாடக்கண்ணு: முதலில் பில் மிஷின், அப்புறம் தராசு. பிடித்ததை வேலை முடியாமல் விடக் கூடாது என்று, தென்காசியில் இவர்களுக்குப் பாடம் எடுத்த ஜெபராணி மேடம் சொல்லியிருந்தார். அதை மட்டும் இரண்டு பேருமே மறக்கவில்லை.

ஒருநாள் காலை ஏழு மணிக்குப் பசும்பாலும் எருமைப்பாலும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. பசும்பால் பாதி தராசைப் பிடித்தது, எருமைப்பால் பாதி பில் மிஷினைப் பிடித்தது. மற்றது கிடைக்கட்டும் என்று இரண்டும் காத்திருந்தன. காத்துக்கொண்டே இருந்தன.

சங்கச் செயலாளர் வள்ளிமயில் அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மணிக்கு லாரி. ஏற்கெனவே இரண்டு தடவை தவறவிட்டாயிற்று. இன்றைக்கும் பால் ஏறாவிட்டால் சங்கத்தையே மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

மேடத்துக்குப் போன் போட்டார்கள். எங்கே சிக்கிக்கொண்டது என்று நீங்களே ஒரு தடவை அதுபோலச் செய்து பாருங்கள், புரியும் என்றார்.

செவத்தையா தராசைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மாடக்கண்ணு பில் மிஷினை மடியில் வைத்துக்கொண்டான். கால் மணி நேரம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னல, புரிஞ்சுதா?” என்று கேட்டான் பொன்னுலிங்கம்.

“அவன் மிஷினைக் குடுத்தாப் புரியும்,” என்றான் செவத்தையா.

“தராசு வரட்டும், நானும் புரிஞ்சுக்கிடுதேன்,” என்றான் மாடக்கண்ணு.

மறுபடியும் போன். பத்து எண்ணியும் கிடைக்காவிட்டால், இருப்பதைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து பார்க்கச் சொன்னார் மேடம். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் பத்து எண்ணினார்கள். சேர்ந்தாற்போல் கீழே வைத்தார்கள். சேர்ந்தாற்போல் மறுபடி எடுத்தார்கள். ஏழு தடவை இப்படியே நடந்தது. பால் ஊற்ற வந்தவர்களும் வரிசையில் நின்றபடி கூடவே எண்ண ஆரம்பித்தார்கள்.

யாராவது மெதுவாகத்தான் எண்ணித் தொலையுங்களேன் என்றார் அக்கா. நியாயம்தான் என்று இரண்டு பேருமே மெதுவாக எண்ணினார்கள்.

மணி ஏழு நாற்பது. இந்தத் தடவை மேடம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: “எந்த வேலையா இருந்தாலும் முதல்ல தராசு, அடுத்தது பில் மிஷின், அதுக்கப்புறம்தான் மத்தது. வரிசை மட்டும் மாறவே கூடாது.”

அப்படியானால் நான் முதலில் மிஷினைப் பிடித்ததே தப்பு என்று மாடக்கண்ணு பெருந்தன்மையாக அதை மேஜையில் வைத்தான். செவத்தையாவும் தராசை இறக்கினான். மாடக்கண்ணு எழுதிய பாதியில் பொன்னுலிங்கம் இரண்டு வரியை மேலும் கீழும் மாற்றி அடித்தான். அவ்வளவுதான், பசும்பாலும் எருமைப்பாலும் சண்டையில்லாமல் அளந்து முடிந்தன. வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

கேனையெல்லாம் ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டு, பால் தப்பித்தது என்கிற நிம்மதியில் அக்கா ஒரு வாய் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது லாரி போயிருந்தது. கேன் ஒன்று பாக்கியில்லை. மேஜையும் காலியாக இருந்தது.

“தராசு எங்கல?”

“அதைத்தான்க்கா முதல்ல ஏத்தினோம்,” என்றான் செவத்தையா.

“அடுத்தது பில் மிஷின். அதுக்கப்புறம்தான் பால்,” என்றான் மாடக்கண்ணு.

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பொன்னுலிங்கத்துக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது. கிட்டே போய் ஆறுதலாகச் சொன்னான்:

“நீங்க பயப்படாதீங்கக்கா. இறக்கும்போதும் தராசைத்தான் முதல்ல இறக்கணும்னு லாரிக்காரர்ட்ட கண்டிஷனாச் சொல்லி அனுப்பியிருக்கோம்.”