பெட்டியோடு வந்தவை

"என் ஆலை மாம்பழச் சாற்றை வெளியூர்க்காரன் தேடித் தேடிக் குடிக்கிறான், அம்மா. என் ஊர்க்காரன் மட்டும் என்னைக் கண்டா மூக்கைப் பொத்துறான்."

மலையேறி வந்த மூச்சிரைப்போடு சொன்னான் முனிரத்தினம். தலையில் சுமந்து வந்த ஜூஸ் பாட்டில் பெட்டியைக் குகை வாசலில் இறக்கினான்.

அந்த மலைக் குகையில் துறவியாக வாழும் குகையம்மா அவனைவிட வயதில் இளையவர். ஆனால் மலையடி ஊருக்கு அவர் சொல்தான் சொல்.

"எதுக்குப் பொத்துறான்?"

"தோலும் கொட்டையும் ஆலைக்குப் பின்னால குவிஞ்சு கிடக்கு. கழுவின தண்ணி ஓடையில போகுது. ஏரி புளிச்சுப் போச்சாம். அடுத்த மாம்பழக் காலத்துக்குள்ள ஆலைக்குப் பூட்டுப் போடப்போறாங்களாம்."

"நான் என்ன செய்யணும்?"

"ஒரு வார்த்தை சொல்லுங்க. ஊர் அடங்கிடும்."

குகையம்மா ஒரு பாட்டிலை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். பொன் நிறம். திரும்பப் பெட்டியிலேயே வைத்தார்.

"குடிச்சுட்டுச் சொல்றேன். ஆனா இந்தப் பெட்டியோட வந்த மத்ததெல்லாம் எங்கே?"

"எதைக் கேக்கறீங்க?"

"தோல், கொட்டை, தண்ணி. எல்லாத்தையும் கொண்டா. வேற ஆள் வேண்டாம், நீயே சுமந்துக்கிட்டு வா."

முனிரத்தினத்துக்கு அது சின்ன வேலையாகத்தான் பட்டது. ஒரு பெட்டிக்கு உரியதுதானே.

மறுநாள் விடியலில் ஏற ஆரம்பித்தான். முதல் நடை, தோலும் கொட்டையும் அடைத்த மூட்டை. சாறு கசிந்து பிடரி வழியே முதுகில் இறங்கியது. அடுத்தது தண்ணீர். காவடி கட்டி இரண்டு குடம் கொண்டு போனால் போதும் என்று நினைத்திருந்தான். ஆலை மேலாளர் ஷகிலா சிரித்துவிட்டாள்.

"பழம் கழுவினது, பாட்டில் கழுவினது, தொட்டி கழுவினது, எல்லாம் சேரணுமே சார்."

ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். கடைசியில் பாய்லர் சாம்பலும் கிழிந்த லேபிள்களும். அதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. குகை வாசலில் ஈ மொய்த்தது.

"இப்போ குடிங்க, அம்மா."

"இதெல்லாம் இங்கே இருந்தா எப்படிக் குடிக்கிறது? எங்கேயாவது கொட்டிட்டு வா."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

ஒரு பக்கம் சுனை. அம்மா குடிக்கிற தண்ணீர். இன்னொரு பக்கம் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மிச்சமெல்லாம் சரிவு. ஒரு மழை பெய்தால் நேரே ஏரிக்குத்தான் இறங்கும்.

மூட்டையோடு திரும்பி வந்தான்.

"இடமில்லை, அம்மா."

"இவ்வளவு பெரிய மலையில இல்லாத இடம் கீழே மட்டும் எப்படிக் கிடைச்சது?"

முனிரத்தினம் மூட்டையை மறுபடி தலையில் ஏற்றினான். கொண்டு வந்ததையெல்லாம் பொழுது சாயும்வரை கீழே இறக்கினான். கடைசிக் குடத்தைத் தூக்கும்போது கேட்டான்.

"ஒரு வழி சொல்லக் கூடாதா?"

"எனக்குச் சாறு பிழியத் தெரியாது, முனிரத்தினம். உனக்குத் தெரியும்."

ஆமாம், தெரியும். பழத்தை முகர்ந்தே எந்தத் தோப்பு என்று சொல்கிறவன் அவன். அந்த எண்ணத்தோடு இறங்கியபோது குடம் கனக்கவில்லை.

மறுநாள் ஷகிலாவைக் கூப்பிட்டான்.

"பாட்டிலைக் கடைசியா அலசுற தண்ணி எப்படி இருக்கு?"

"தெளிவாத்தான் இருக்கு சார்."

"அதுலயே மண்ணோட வர்ற பழத்தைக் கழுவினா என்ன?"

"குழாயைத் திருப்பணும். அதுவரைக்கும் ஆலை நிக்கும்."

"நிக்கட்டும்."

கொட்டையை உடைத்தார்கள். பருப்பு எண்ணெய் ஆட்டப் போனது, ஓடு அடுப்புக்குப் போனது.

தோல்தான் அடங்க மறுத்தது. ஆலைக்குப் பின்னால் மூடிய தொட்டி கட்டினான். தோலையும் கழுவி மிஞ்சிய தண்ணீரையும் அதில் விட்டு மக்கவைத்து, வருகிற கேஸில் பாய்லரை எரிப்பது அவன் திட்டம். கேஸ் வரவில்லை. வெறும் தோல் புளித்து, முன்னைவிட மோசமாக நாறியது.

ஊரே ஆலை வாசலில் திரண்டுவிட்டது. முன்னால் நின்றவர் கையில் பெரிய பூட்டு.

"கொண்டாந்துட்டோம், முனிரத்தினம்!"

"பூட்டு இருக்கட்டும் மாமா. வீட்டுல சாணி இருக்கா?"

 கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"விளையாட்டு இல்லை. தோலுக்குப் புளிப்பு ஜாஸ்தி. சாணியும் கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்த்தா அடங்கும். வந்து பாருங்க. அடங்கலைன்னா பூட்டை நானே போடறேன்."

சாணி வந்தது, கூடைகூடையாக. சில நாள் எதுவும் நடக்கவில்லை. முனிரத்தினம் தொட்டியடியிலேயே கிடந்தான். ஒரு காலையில் ஷகிலா குழாய் முனையில் தீக்குச்சியைக் காட்டினாள். நீலமாகப் பற்றிக்கொண்டது.

தொட்டியில் மிஞ்சிய சக்கை, சாணி கொடுத்தவர்களின் தோப்புகளுக்கே உரமாகப் போனது. அடுத்த மழைக்குப் பிறகு ஏரியில் மாடுகள் இறங்கித் தண்ணீர் குடித்தன.

மாம்பழக் காலம் முடிந்ததும் முனிரத்தினம் மலையேறினான். தலையில் ஒரு பெட்டி. கையில் எதுவுமில்லை.

"இந்தத் தடவை இது மட்டும்தான், அம்மா. கூட வந்தது எல்லாத்துக்கும் கீழேயே வேலை இருக்கு."

குகையம்மா முகம் மலர்ந்தது. ஒரு பாட்டிலைத் திறந்தார். நிறுத்தாமல் குடித்தார்.

"அமிர்தமா இருக்கு."

காலி பாட்டிலைக் கையில் பிடித்தபடி எழுந்தார். சுனைப் பக்கம் பார்த்தார். ஆடுகள் பக்கம் பார்த்தார். சரிவைப் பார்த்தார்.

"இதை எங்கே போடட்டும்?"

ஊர் ஊராகக் காலி பாட்டில்கள் கிடக்கும் கடை வாசல்கள் முனிரத்தினத்தின் கண்முன் வந்தன. கல்யாண மண்டபங்களின் பின்புறங்கள். பேருந்து நிலையங்கள்.

கையை நீட்டினான்.

"என்கிட்டே கொடுங்க."